புள்ளிகளைச் சமமாகப் பங்கிட்டால் வீரன் வளரமாட்டான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் இளையோர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த இரண்டு கடிதங்கள் பற்றி எழுத விரும்புகிறேன். கணினி ஐஸ் ஹொக்கி லீக் ஒன்றில் தாம் உருவாக்கிய இடதுபுற விங்கர் (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரன்), நல்ல ஒட்டுமொத்த மதிப்பெண் பெற்றிருந்தும், கோலும் போடாமல், கோலுக்கு உதவியும் செய்யாமல், மிகக் குறைந்த நேரமே ஆடக் கிடைக்கும் நான்காம் வரிசையிலேயே தேங்கி நிற்பதாக மாணவ வாசகர் ஒருவர் கவலைப்பட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதிய இன்னொரு வாசகர், எந்தெந்தத் திறன்கள் தாழ்ந்து கிடக்கின்றனவோ அவற்றையெல்லாம் உயர்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் வீரன் தானாகவே முன்னேறுவான் என்று கூறியிருந்தார். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அறிவுரைதான். ஆனால் அது தவறானது. அதைப் பின்பற்றினால் அந்த மாணவர் வாரக்கணக்கில் உழைத்துச் சேர்க்கும் புள்ளிகள் வீணாகிவிடும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன். இத்தகைய லீக் ஒன்றில் ஓர் அணிக்கு முகாமையாளராக இருப்பவன் என்ற முறையில், புதிதாக வரும் பிள்ளைகள் தம் வீரர்களை எப்படி வளர்க்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். இந்த லீக்குகளில் ஒருவர் ஒரே ஒரு வீரனை உருவாக்குகிறார். வாரந்தோறும் கொடுக்கப்படும் சிறு வேலைகளைச் செய்து புள்ளிகளை ஈட்டுகிறார். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து, வீரனின் வேகம், குறிதவறாமை, மட்டையால் அடிக்கப்படும் ‘பக்’ என்ற வட்டைக் கையாளுதல் போன்ற திறன்களை ஒவ்வொரு படியாக உயர்த்துகிறார். ஆட்டத்தையோ மனிதர் எவரும் ஆடுவதில்லை. அணிகளின் பட்டியலைப் பெற்றுக்கொண்டு கணினி நிரலே 60 நிமிட ஆட்டத்தையும் நடத்தி, யார் கோல் போட்டார், யார் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தார் என்று முடிவு சொல்லும். ஆகவே வீரனின் சொந்தக்காரர் எடுக்கக்கூடிய முடிவுகளில் மிகப் பெரியது, அடுத்த புள்ளியை எங்கே இடுவது என்பதுதான். கனடாவில் வளரும் நம் பிள்ளைகளில் பலர், பனித்தளத்தில் இறங்கி விளையாடுவதற்கான செலவும் அதிகாலைப் பயிற்சியும் குடும்பத்துக்கு இயலாத நிலையில், இந்த வழியாகவே ஹொக்கியின் நுட்பங்களைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதால், அந்த முடிவைப் பற்றிப் பேசுவது இந்தப் பத்திரிகையின் பக்கங்களுக்குப் பொருந்தாத விடயம் அல்ல என்று நம்புகிறேன்.

முதலில் அந்த ஒட்டுமொத்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். அது பல திறன்களின் எண்களைக் கூட்டி, ஏதோவொரு விகிதத்தில் எடைபோட்டு, ஒற்றை எண்ணாகச் சுருக்கித் தருவது. பார்ப்பவருக்கு வசதியான எண் அது. ஆனால் ஆட்டத்தை நடத்தும் நிரல் பெரும்பாலும் அதைக் கொண்டு கோலைத் தீர்மானிப்பதில்லை. வட்டை வைத்திருக்கும் ஒருவர் எதிரணியின் தற்காப்பு வீரரைக் கடக்க முயலும் அந்தக் கணத்தில், இவருடைய வட்டைக் கையாளும் திறனும் விரைந்து புறப்படும் திறனும் ஒரு பக்கம், அவருடைய நிலையெடுக்கும் திறனும் மட்டையால் தட்டிப் பறிக்கும் திறனும் மறுபக்கம் என்று குறிப்பிட்ட எண்களே மோதுகின்றன. அந்த மோதலில், ஆட்டத்தைத் தொடங்க நடுவர் போடும் வட்டைக் கைப்பற்றும் ஃபேஸ்ஓஃப் திறனுக்கும் சண்டையிடும் திறனுக்கும் வேலை இல்லை. அவற்றை உயர்த்தி ஒட்டுமொத்த எண்ணைக் கூட்டியவருக்கு, பட்டியலில் அழகான எண் ஒன்று கிடைத்திருக்குமே தவிர, பனித்தளத்தில் ஒரு அடி முன்னேற்றமும் கிடைத்திராது.

உண்மையான ஹொக்கி வரலாறே இதற்குச் சாட்சி. வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்.எச்.எல். வரலாற்றில் 894 கோல்களும் 1,963 உதவிகளும் பெற்ற வெய்ன் கிரெட்ஸ்கி, தம் காலத்து வீரர்களில் பலசாலியும் அல்லர், அதிவேகமாகச் சறுக்கியவரும் அல்லர். எதிரணிக் கோல் வலைக்குப் பின்னால், எவரும் அதிகம் பொருட்படுத்தாதிருந்த அந்தச் சிறு இடத்தில் நின்றுகொண்டு, ஓடிவரும் சகவீரருக்கு வட்டைக் கொடுக்கும் பார்வையே அவருடைய பெருஞ்சொத்து. அவருடைய உதவிகளின் எண்ணிக்கை மட்டுமே வேறெந்த வீரரின் கோலும் உதவியும் சேர்ந்த மொத்தப் புள்ளிகளையும்விட அதிகம் என்பது அந்தப் பார்வையின் விலையைச் சொல்லும். டெற்றோயிற் அணியின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம், சிறந்த தற்காப்பு வீரருக்கான நோரிஸ் விருதை 7 முறை பெற்றார். எதிராளியை உடலால் மோதிச் சாய்த்து அல்ல, சரியான இடத்தில் சரியான கோணத்தில் நின்று எதிராளிக்குப் போக வழியில்லாமல் செய்தே அதைப் பெற்றார். இவர்கள் இருவரையும் எல்லாத் திறன்களிலும் சமமாக வளர்க்க எவராவது முயன்றிருந்தால் நமக்குக் கிரெட்ஸ்கியும் கிடைத்திருக்கமாட்டார், லிட்ஸ்ட்ரோமும் கிடைத்திருக்கமாட்டார்.

எனவே, வீரன் எந்த இடத்தில், என்ன வேலைக்காக நிற்கிறான் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். புள்ளி அதன் பிறகுதான். கோல் குறிவைத்து அடிப்பவனா, பிறருக்குக் கோல் வாய்ப்பை அமைத்துக் கொடுப்பவனா, கோல் வலைக்கு முன்னால் உடலை நிறுத்தி இடம் பிடிப்பவனா, இரு பக்கமும் உழைக்கும் முன்வரிசை வீரனா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இருக்க வேண்டும். இரண்டு விடைகள் வேண்டும் என்று ஆசைப்படுவது இளையோருக்கு இயல்பே. ஆனால் முதல் சில பருவங்களில் அதற்கான புள்ளி எவரிடமும் இருப்பதில்லை. பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்களே, அதுதான் இங்கே நடக்கிறது.

சமப் பங்கீடு ஏன் இழப்பாகிறது என்பதை எண்களால் காட்டுவது எளிது. இத்தகைய லீக்குகளில் பெரும்பாலும், திறன் உயர உயர அடுத்த படியின் விலையும் உயரும். விலைப்பட்டியல் லீக்குக்கு லீக் மாறும் என்பதால் விளக்கத்துக்காக ஒன்றை நாமே அமைத்துக்கொள்வோம்: 20 வரையான அளவுகோலில், 10 வரை ஒவ்வொரு படிக்கும் 2 புள்ளி, 11 முதல் 15 வரை படிக்கு 5 புள்ளி, 16 முதல் 20 வரை படிக்கு 12 புள்ளி. எல்லாத் திறன்களும் 10இல் நிற்கும் ஒரு வீரனுக்கு 60 புள்ளிகள் கிடைக்கின்றன என்க. சமமாகப் பங்கிடுபவர் 12 திறன்களை ஒவ்வொரு படி உயர்த்தி 11க்குக் கொண்டுவருவார். வேலையைத் தீர்மானித்துக்கொண்டு இடுபவர், அதே 60 புள்ளிகளால் 4 திறன்களை மும்மூன்று படி உயர்த்தி 13க்குக் கொண்டுவருவார். இந்த இரண்டாமவரின் வீரன், தனக்குரிய வேலையைச் செய்யும் ஒவ்வொரு தடவையும், 10இல் நிற்கும் எதிராளியைவிட மூன்று படி மேலே நிற்கிறான். முதலாமவரின் வீரனுக்கோ எங்கும் ஒரு படிக்கு மேல் இல்லை.

ஆனால், இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே திறனில் எல்லாவற்றையும் கொட்டுவதும் நட்டமே. 15இல் நிற்கும் ஒரு திறனை 20க்கு உயர்த்த மேற்சொன்ன பட்டியலின்படி அதே 60 புள்ளிகள் வேண்டும். வட்டைப் பெறுவதற்கு ஆளில்லாத இடத்துக்கு நழுவிச் செல்லத் தெரியாத ஒருவன், குறிதவறாமையில் 20 பெற்றிருந்தால் என்ன பயன்? அந்தக் குறியைக் காட்ட அவனுக்கு வட்டே வந்து சேராது. ஆகவே என் அனுபவத்தில், ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்திருக்கும் நான்கைந்து திறன்களை ஒன்றாக உயர்த்துவதே புதியவருக்குச் சிறந்த வழி. விலை திடீரென ஏறும் அந்தப் படி வரை அவற்றைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகே அடுத்த தொகுதியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அந்தச் சங்கிலி என்ன என்பதை அறிய, ஒரு கோல் எப்படி விழுகிறது என்பதை நுணுகிப் பார்க்க வேண்டும். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக 2023–24 பருவத்தில் 69 கோல்கள் போட்ட ஒஸ்ரன் மத்யூஸ் அடிக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வட்டு அவரிடம் வருவதற்கு முன்பே, தற்காப்பு வீரர் இருவருக்கும் நடுவே உள்ள வெற்றிடத்துக்கு அவர் நழுவிவிடுகிறார். இது ஒரு திறன். வட்டு மட்டையில் பட்டதும் உடனே அடிக்காமல், அதைத் தம் காலடியை நோக்கி ஓரடி இழுக்கிறார். அந்த ஒரு இழுப்பில் அடியின் கோணம் மாறிவிடுகிறது: தற்காப்பு வீரர் நீட்டிய மட்டை பழைய கோணத்தில் நின்றுவிடும், கோல்காப்பாளரும் பழைய கோணத்துக்கே நின்றிருப்பார். இது வட்டைக் கையாளும் திறன். பிறகு அந்த நிலையிலிருந்தே, காலைச் சரிசெய்யாமல், மணிக்கட்டால் அடிக்கிறார், இது குறிதவறாமை. அந்தக் கோலில் மூன்று திறன்கள் அடுத்தடுத்து வேலை செய்தன. அவற்றில் ஒன்று தாழ்ந்திருந்தால் மற்ற இரண்டும் வீண். தொலைவிலிருந்து அடிக்கும் ஆற்றலுக்கு அதில் பெரிய பங்கு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். அடியின் வேகம் கண்ணுக்குத் தெரிவது, எண்ணால் அளக்கக்கூடியது. 2012இல் ஸ்டேனோ சாரா என்.எச்.எல். திறன் போட்டியில் மணிக்கு 108.8 மைல் வேகத்தில் அடித்ததை எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் சாரா தற்காப்பு வீரர்; எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே நின்று தொலைவிலிருந்து அடிப்பது அவருடைய வேலை. விங்கர் ஒருவன் தன் புள்ளிகளைத் தொலைதூர அடியில் இட்டால், அவன் கோலுக்கு அருகே வந்தும் அந்தப் புள்ளிகளால் பயன் பெறமாட்டான்.

திறன்களின் பெயர்ப்பட்டியலும் நிரலுக்கு நிரல் வேறுபடும் என்பதை அந்தப் பதில் கடிதம் முற்றாக மறந்துவிட்டது. எஸ்.ரி.எச்.எஸ். என்ற பழைய ஹொக்கி நிரலில், கோல் அடித்தல் என்பது ஒரே ஒரு எண், தற்காப்பும் ஒரே ஒரு எண், சறுக்குதலும் அப்படியே. மொத்தமாகப் பதினைந்து பதினாறு எண்களில் ஒரு வீரன் அடங்கிவிடுவான். பிராஞ்சைஸ் ஹொக்கி மேனேஜர் நிரலிலோ, கோல் அடித்தல் என்ற அந்த ஒற்றை எண், குறிதவறாமை, அடிக்கும் தொலைவு, ஆளில்லா இடத்துக்கு நழுவுதல், கோல்காப்பாளரின் பார்வையை மறைத்தல், தாக்குதலை முன்கூட்டி உணர்தல் என்று ஐந்தாகப் பிரிந்து நிற்கிறது. சறுக்குதல்கூட, புறப்படும் விரைவு, உச்ச வேகம், நெளிந்து திரும்பும் திறன், நிலைகுலையாமை என்று நான்காகிறது. பழைய நிரலில் ஆடியவர் தம் அனுபவத்தை வைத்துக்கொண்டு, “கோல் அடித்தலை உயர்த்து, போதும்” என்று புதிய நிரலில் ஆடும் பிள்ளைக்குச் சொன்னால், அந்தப் பிள்ளை ஐந்தில் எதை எடுப்பான்? அறிவுரை கேட்பவர் முதலில் தம் லீக் எந்த நிரலில் ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்; சொல்பவரும் அதைக் கேட்டபின்பே சொல்ல வேண்டும்.

இதேபோல, கைப்பிடியை ஏந்தி நாமே ஆடும் விளையாட்டுகளில் பழகிய பழக்கத்தை இங்கே கொண்டுவருவதும் பெரும் குழப்பத்தை உண்டாக்குகிறது. ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் என்.எச்.எல். விளையாட்டு 1991 முதல் வந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரே வீரனாக ஆடும் முறையும் 2008 முதல் உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் தொட்டது அதைத்தான். அங்கே எந்த இடத்துக்குப் போய் நிற்பது, எப்போது அடிப்பது என்பதை ஆடுபவரின் கண்ணும் பெருவிரலும் தீர்மானிக்கின்றன. எனவே அங்கே நிலையெடுக்கும் திறனுக்குப் புள்ளி இடாமல், வேகத்துக்கும் அடிக்கும் இட்டுவிட்டு, மிச்சத்தை நம் கையால் ஈடுசெய்யலாம். அது சரியான கணக்கே. கணினியே ஆடும் லீக்கில் ஈடுசெய்ய நம் கை இல்லை. ஆட்டத்தை முன்கூட்டி உணர்தல், நிலையெடுத்தல், ஆளில்லா இடத்துக்கு நழுவுதல் ஆகிய மூன்றும்தான் அங்கே வீரனின் கண். இவற்றைத் தாழ்த்தி வைத்துவிட்டு வேகத்தை மட்டும் உயர்த்தினால், வீரன் வேண்டாத இடத்துக்கு விரைவாகப் போய்ச் சேருவான்.

சறுக்குதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு பருவத்தின் முடிவில் கோல் பட்டியலைப் பார்ப்பவருக்கு அதன் பங்கு தெரியவே தெரியாது. தாக்குதலிலும் தற்காப்பிலும், வட்டு கையில் இருக்கும்போதும் இல்லாதபோதும், வேலை செய்யும் திறன் அது ஒன்றே. என்.எச்.எல். நட்சத்திரம் கொனர் மக்டேவிட் நடுத்தளத்தில் வேகம் எடுக்கும்போது எதிரணித் தற்காப்பு வீரர்கள் பின்வாங்கிப் பின்வாங்கித் தம் கோலை நோக்கியே நகர்ந்துவிடுகிறார்கள். அவர் கோல் போடாவிட்டாலும் அவருக்குப் பின்னால் வரும் சகவீரருக்கு அந்த இடைவெளி கிடைத்துவிடுகிறது. எனினும் சறுக்குதலின் நான்கு உறுப்புகளும் எல்லோருக்கும் ஒரே அளவில் வேண்டியதில்லை. நேர்கோட்டில் ஓடி வட்டைத் துரத்தும் விங்கருக்கு உச்ச வேகமும் புறப்படும் விரைவும். பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே திரும்ப வேண்டிய தற்காப்பு வீரருக்கு நெளிந்து திரும்பும் திறன். கோல் வலைக்கு முன்னால் இடிபட்டு நிற்பவனுக்கு நிலைகுலையாமை. அணியில் சேரும் புதியவர் எவர் என்னைக் கேட்டாலும், முதற் பருவத்தின் புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கையாவது இங்கே இடும்படி சொல்லிவருகிறேன்.

இனி, இடக்கூடாத இடங்கள். ஃபேஸ்ஓஃப் என்பது, நடுவில் ஆடும் முன்வரிசை வீரரான சென்ரரின் வேலை. ஒரு ஆட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஃபேஸ்ஓஃப்கள் நடக்கும். விதிமீறலுக்காகச் சென்ரர் விலக்கப்பட்டால் மட்டுமே விங்கர் அந்த வட்டத்துக்குள் வருவார். அந்த ஒன்றிரண்டு தருணங்களுக்காக விங்கர் ஒருவன் புள்ளி இடுவது பெரும் வீண். சென்ரர்களுக்குக்கூட ஒரு எல்லை உண்டு: சிறந்த தற்காப்பு முன்வரிசை வீரருக்கான செல்கி விருதை 6 முறை பெற்ற பற்றிஸ் பேர்ஜரோன் போன்ற வல்லுநர்களே 100 ஃபேஸ்ஓஃப்களில் அறுபதைத் தாண்டுவது அரிது என்னும்போது, நடுத்தரத்துக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ள இலாபம் சிறியதே. சண்டையிடும் திறனைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. அதில் இடப்படும் புள்ளி கோலாக மாறுவதில்லை. 5 நிமிடத் தண்டனையாகவே மாறும்.

உடலால் மோதும் திறன் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக்கூடியது அல்ல. நான்காம் வரிசை வீரன் ஒருவனை அணி வைத்திருப்பதே பல வேளைகளில் அந்த வேலைக்காகத்தான். ஆனால் மோதலை உயர்த்துபவர் ஒழுக்கத்தையும் நிதானத்தையும் அதனோடு சேர்த்தே உயர்த்த வேண்டும். அவை தாழ்ந்திருக்க ஆக்ரோஷம் மட்டும் ஏறினால், வீரன் 2 நிமிடத் தண்டனைகளை அடுக்கிக்கொண்டே போவான். ஐந்து பேருக்கு நால்வராக ஆடும் அந்த 2 நிமிடங்களில் எதிரணி கோல் போடும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. பயிற்றுவிப்பாளர் பணியில் உள்ள எவரும் அப்படிப்பட்டவனுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கமாட்டார்கள்.

அந்த நேரம் என்பதுதான் நம் மாணவரின் கேள்விக்கு உண்மையான விடை இருக்கும் இடம். நான்காம் வரிசையில் நிற்பவனுக்கு ஒரு ஆட்டத்தில் 10 நிமிடம் கிடைத்தாலே அதிகம். முதல் வரிசை முன்வீரனுக்கு 20 நிமிடம் வரை கிடைக்கும், எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடும் பவர் பிளே நேரமும் அவனுக்கே. ஆக, அதே திறன்களோடு வரிசை மாறினாலே கோல் எண்ணிக்கை இரட்டிப்பாகலாம். ஒவ்வொரு தடவையும் முக்கால் நிமிடம் அளவே தளத்தில் நின்று மாறிக்கொள்ளும் ஆட்டம் இது என்பதால், குறைந்த நேரம் ஆடுபவனுக்குக் களைப்புத் தாங்கும் திறன் உடனடித் தேவை அல்ல. மேல் வரிசைக்குப் போகப்போகிறவனுக்கே அது தேவை. ஆகவே முகாமையாளரிடம், “எனக்கு மேல் வரிசையில் எந்த வேலைக்கு ஆள் இல்லை?” என்று கேட்டுவிட்டு அதற்கேற்பத் திறனை வளர்ப்பது, தனியே அறையில் உட்கார்ந்து எண்களைச் சமன் செய்வதைவிடப் பன்மடங்கு பலன் தரும். என் அணியில் இந்தக் கேள்வியைக் கேட்டு வருபவர்கள் மிகச் சிலரே; கேட்டவர்களுக்கு நான் எப்போதும் நேராகவே பதில் சொல்லியிருக்கிறேன். கோல் வலைக்கு முன்னால் நின்று கோல்காப்பாளரின் கண்ணை மறைக்க எவரும் விரும்பி வளர்வதில்லை. பவர் பிளேயில் அந்த இடம் எப்போதும் காலியாகவே இருக்கிறது.

பொறுமையைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். என்.எச்.எல். ஆட்டங்களில், கோலை நோக்கிச் செல்லும் பத்து அடிகளில் ஒன்பதுக்குமேல் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒன்பதைக் கோல்காப்பாளர் தடுத்துவிடுகிறார். நிரல்களும் அந்த விகிதத்தை ஒட்டியே அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆட்டத்துக்கு 3 அடி அடிக்கும் வீரன் 10 ஆட்டங்களில் 30 அடி அடிப்பான். சராசரியாக 3 கோல் எதிர்பார்க்கலாம். ஆனால் வெறும் தற்செயலாலேயே அவன் ஒரு கோலோ, கோலே இல்லாமலோ நிற்பதற்கு வாய்ப்பு 100க்கு 18. ஐந்தும் அதற்கு மேலும் போடுவதற்கும் கிட்டத்தட்ட அதே வாய்ப்பு. பத்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, “குறிதவறாமை பயன் தரவில்லை, இனித் தற்காப்பில் இடுகிறேன்” என்று வழி மாறும் பிள்ளைகள், தம் வீரன் சரியாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே அவனைக் கைவிடுகிறார்கள். கோலைப் பார்க்காமல் அடிகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அடிகள் கூடிவருகின்றன என்றால் இட்ட புள்ளிகள் வேலை செய்கின்றன. கோல் பின்னால் வரும்.

கோல்காப்பாளரை வளர்ப்பவர்களுக்கு இதே நியாயம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். பற்றிக் றுவா முழங்காலிட்டுக் கால்களை விரித்துக் கோணங்களை அடைத்தவர். டொமினிக் ஹாஷெக் விழுந்த நிலையிலிருந்தும் உடலை வளைத்து எழுந்து இரண்டாம் அடியைத் தடுத்தவர். முதலாமவருக்கு நிலையெடுத்தலும், பட்டுத் தெறிக்கும் வட்டை அடக்குதலும். இரண்டாமவருக்கு அனிச்சை விரைவும் மீண்டெழுதலும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதன் வழியே போக வேண்டும். வட்டை வெளியே கடத்திக் கொடுக்கும் திறனில் தொடக்கத்திலேயே புள்ளி இடுபவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். அது கடைசியில் வர வேண்டியது.

வயது முதிரும் வீரர்களைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பல லீக்குகளில் குறிப்பிட்ட பருவங்களுக்குப் பின் வீரனிடமிருந்து ஆண்டுதோறும் புள்ளிகள் கழிக்கப்படும். எந்தத் திறனைத் தாழ்த்தி அதைக் கட்டுவது என்பது சொந்தக்காரரின் விருப்பம். மேலே சொன்ன விலைப்பட்டியலில் 24 புள்ளி கழிக்கப்பட்டால், 20இல் நிற்கும் இரு திறன்களை ஒவ்வொரு படி இறக்கினாலே கடன் தீர்ந்துவிடும். அடித்தட்டுத் திறன்களில் தேடினால் 12 படிகள் இறங்க வேண்டும். எனவே முதுமையில் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது உச்சியில் உள்ள அந்த விலையுயர்ந்த படிகளையே. பலர் பெருமைக்காக அந்த 20ஐப் பிடித்துக்கொண்டு, வீரனின் மற்ற அனைத்தையும் சிதைய விடுகிறார்கள்.

அந்த மாணவ வாசகருக்கு: உங்கள் வீரன் உயரமும் எடையும் கூடியவன் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கோல் வலைக்கு முன்னால் நிற்கும் விங்கராக அவனை ஆக்குங்கள். அடுத்து வரும் புள்ளிகளை நிலைகுலையாமை, கோல்காப்பாளரின் பார்வையை மறைத்தல், ஆளில்லா இடத்துக்கு நழுவுதல், புறப்படும் விரைவு ஆகிய நான்குக்குமே இடுங்கள். விலை ஏறும் படியில் நிறுத்திவிட்டுக் குறிதவறாமைக்குப் போங்கள். ஃபேஸ்ஓஃபையும் தொலைதூர அடியையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். உங்கள் அணியின் முகாமையாளருக்கு எழுதி, இரண்டாம் பவர் பிளே அணியில் கோல் முன்னிடத்தில் யார் நிற்கிறார் என்று கேளுங்கள். உங்கள் லீக் எந்த நிரலில் நடக்கிறது, அதன் விலைப்பட்டியல் என்ன, உங்கள் வீரனுக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை நிமிடமும் எத்தனை அடியும் கிடைக்கின்றன என்பதை இதே பக்கத்துக்கு எழுதினால், எந்தப் படியில் நிறுத்துவது என்பதை எண்ணோடு சொல்ல என்னால் முடியும். ஆசிரியர் அவர்கள் அதற்கு இடம் ஒதுக்கித் தருவீர்களென்றால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்